மூன்று லிப்பிடுகளைக் கலந்து, சவ்வில் அவை பிரிவதை நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி

டிஓபிசி, டிபிபிசி என்ற இரண்டு பாஸ்போலிப்பிடுகள், கொலஸ்டிரால் ஆகிய மூன்று லிப்பிடுகளையும் (கொழுப்பு வகை மூலக்கூறுகள்) மூலக்கூறு எண்ணிக்கையில் 35:35:30 என்ற விகிதத்தில் கலந்து, சிறிது ஒளிரும் சாயம் சேர்த்து, நீரில் குமிழிகளாக்கி 50 டிகிரி செல்சியஸில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு குமிழியும் மேடுபள்ளம் தெரியாத ஒரே ஒளிப்பரப்பாக இருக்கும். மெல்லக் குளிர்வித்துக்கொண்டே வந்தால், ஏறத்தாழ 30 டிகிரியை நெருங்கும்போது அந்தப் பரப்பில் கருநிறப் புள்ளிகள் முளைத்து, வட்டங்களாக வளர்ந்து, மிதந்து, ஒன்றோடொன்று முட்டி இணையத் தொடங்கும். நான்கைந்து நானோமீட்டரே தடிமனுள்ள ஒரு சவ்வுக்குள் இரண்டு திரவங்கள் தாமாகவே பிரிகின்றன. சாரா வீச், சாரா கெல்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003இல் இதே வகைக் கலவைகளைப் பல விகிதங்களில் எடுத்து, எந்த வெப்பநிலையில் எந்தக் கலவை பிரிகிறது என்று வரைபடமாக்கினார்கள். ஓர் ஒளிர்நுண்ணோக்கியும் அடிப்படை வேதியியல் ஆய்வகமும் உள்ள எவரும் அதைத் திரும்பச் செய்ய முடியும்.

செய்ய முடியும் என்பதாலேயே எளிது என்று பொருளல்ல. கண்ணுக்குத் தெரியும் வட்டம், கலவையின் இயல்பால் வந்ததா, எடைபோட்டதில் நேர்ந்த பிழையால் வந்ததா, விளக்கின் ஒளியால் வந்ததா என்று சொல்லத் தெரிய வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் நான் வலியுறுத்துவது இந்த ஒன்றைத்தான்.

கலவையில் யார் என்ன செய்கிறார்

பாஸ்போலிப்பிடு ஒவ்வொன்றுக்கும் நீர்விரும்பும் தலை ஒன்றும் நீர்வெறுக்கும் வால்கள் இரண்டும் உண்டு. டிஓபிசியின் வால்களில் 18 கார்பன்கள். ஒவ்வொரு வாலின் நடுவிலும் சிஸ் அமைப்பில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் வால் மடங்கி நிற்கிறது, பக்கத்து வாலோடு நெருங்கிப் படிய முடிவதில்லை. எனவே அதன் சவ்வு சுமார் −17 டிகிரி வரை உறையாமல் திரவமாகவே இருக்கும். டிபிபிசிக்கும் அதே தலைதான். ஆனால் வால்கள் 16 கார்பன் கொண்ட நிறைவுற்ற நேர்ச்சங்கிலிகள். அவை கட்டுக் குச்சிகளைப் போல ஒட்டி அடுக்கமைவதால் 41 டிகிரிக்குக் கீழே அந்தச் சவ்வு ஜெல் நிலைக்குப் போய்விடும். இந்த இரண்டையும் மட்டும் கலந்து அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்தால், ஓடும் டிஓபிசியின் நடுவே விறைத்த டிபிபிசித் திட்டுகள் கிடைக்கும். அது திரவத்திலிருந்து திடம் பிரிவது.

கொலஸ்டிராலைச் சேர்த்ததும் கதை மாறுகிறது. நான்கு வளையங்கள் கொண்ட அதன் விறைப்பான உடல் ஜெல்லின் ஒழுங்கான அடுக்கைக் குலைக்கிறது. அதே உடல் தன்னை ஒட்டி நிற்கும் நிறைவுற்ற வால்களை நிமிர்த்தியும் வைக்கிறது. விளைவாக, வால்கள் நிமிர்ந்திருந்தும் மூலக்கூறுகள் பக்கவாட்டில் நகரக்கூடிய ஓர் இடைநிலை உருவாகிறது. இதை ஒழுங்குத் திரவம் என்றும், டிஓபிசி மிகுந்த மற்றதை ஒழுங்கற்ற திரவம் என்றும் அழைக்கலாம். கொலஸ்டிராலின் தலை ஒற்றை ஹைட்ராக்சில் தொகுதி மட்டுமே என்பதால், பக்கத்துப் பாஸ்போலிப்பிடின் பெரிய தலை குடைபோலக் கவிந்து அதை நீரிலிருந்து மறைக்க வேண்டியிருக்கிறது. குடைகள் போதாமற்போனால் கொலஸ்டிரால் சவ்வைவிட்டு வெளியேறிப் படிகமாகிவிடும். டிஓபிசி, டிபிபிசி போன்ற பாஸ்ஃபாட்டிடைல்கோலின் சவ்வுகளில் அந்த எல்லை ஏறத்தாழ 66 மோல் சதவீதம் (மூலக்கூறு எண்ணிக்கையில் சதவீதம்).

மூன்றில் எதையும் விட்டுவிடாதீர்கள். டிபிபிசியும் கொலஸ்டிராலும் மட்டும் இருந்தால் நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்குத் திரவ வட்டங்கள் கிடைப்பதில்லை. டிஓபிசிக்குப் பதிலாக, ஒரு வால் நிறைவுற்றும் மறுவால் நிறைவுறாமலும் உள்ள பிஓபிசியை எடுத்தால் உயிருள்ள செல்லின் சவ்வுக்குச் சற்று நெருங்கி வருவீர்கள் என்பது உண்மையே. ஆனால் அந்தக் கலவைகளில் திட்டுகள் ஒளிநுண்ணோக்கிக்கு எட்டாத அளவுக்குச் சிறியவையாக இருக்கக்கூடும். விளக்கொளியால் கெட்டுப் பெரிதானவையும் நடுவே தோன்றிக் குழப்பும். முதல்முறை செய்பவர் டிஓபிசியிலேயே தொடங்குவது நல்லது.

எடையை மறந்து மூலக்கூறுகளை எண்ணுங்கள்

இந்த வேலையில் நான் அதிகம் பார்த்த தவறு இங்கேதான் நடக்கிறது. லிப்பிடு மில்லிகிராம் கணக்கில் வருகிறது, குறிப்பேட்டில் சதவீதம் எழுதியிருக்கிறது, கை தானாக எடைச் சதவீதத்தைக் கலந்துவிடுகிறது. டிஓபிசியின் மூலக்கூறு நிறை 786, டிபிபிசி 734, கொலஸ்டிரால் 387. எடையில் 35:35:30 என்று கலந்தால், சின்ன மூலக்கூறான கொலஸ்டிரால் எண்ணிக்கையில் 46 சதவீதத்தை எட்டிவிடும். பிரியும் வெப்பநிலை அப்போது வெகுவாகக் கீழிறங்கிவிடும். நீங்களோ சாயத்தையும் நுண்ணோக்கியையும் சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

சரியான கணக்கு இப்படிப் போகும். மொத்தம் 1 மைக்ரோமோல் லிப்பிடு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிஓபிசி 0.35 மைக்ரோமோல், அதாவது 0.275 மில்லிகிராம், டிபிபிசி 0.35 மைக்ரோமோல், அதாவது 0.257 மில்லிகிராம், கொலஸ்டிரால் 0.30 மைக்ரோமோல், அதாவது 0.116 மில்லிகிராம். மூன்றும் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் செறிவில் குளோரோஃபார்மில் கரைந்திருந்தால், முறையே 27.5, 25.7, 11.6 மைக்ரோலிட்டர் எடுக்க வேண்டும். மொத்த எடை 0.648 மில்லிகிராம். கொலஸ்டிரால் எண்ணிக்கையில் 30 சதவீதமாக இருந்தும் எடையில் 18 சதவீதம் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். சாயமாக டெக்சஸ் ரெட் இணைந்த லிப்பிடை 0.5 மோல் சதவீதம், அதாவது 5 நானோமோல் சேர்த்து, எல்லாவற்றையும் குளோரோஃபார்மால் 0.65 மில்லிலிட்டராக்கினால், மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் செறிவுள்ள வேலைக் கரைசல் தயார்.

அந்தச் சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் வால்கள் 16 கார்பன் கொண்ட நிறைவுற்ற வால்களே. வாலை மட்டும் வைத்துத் தீர்மானித்தால் அது டிபிபிசியோடு போய்ச் சேர வேண்டும். ஆனால் தலையில் ஒட்டியிருக்கும் பருத்த சாய மூலக்கூறு நெருக்கமான அடுக்குக்குள் நுழைய இடங்கொடாமல் அதை ஒழுங்கற்ற திரவத்துக்குத் தள்ளிவிடுகிறது. எனவே படத்தில் ஒளிர்வது ஒழுங்கற்ற திரவம், இருண்டிருப்பது ஒழுங்குத் திரவம். வேறு சாயம் பயன்படுத்தினால், அது எந்தப் பக்கம் சாயும் என்பதை வாலைப் பார்த்து ஊகிக்காமல் தனியாகச் சோதித்தறிய வேண்டும்.

குளோரோஃபார்மைக் கண்ணாடி ஊசியால் மட்டுமே எடுங்கள். பிளாஸ்டிக் முனைகளிலிருந்து கசியும் பொருள்களும் கலவையில் ஒரு பங்காகிவிடும். லிப்பிடுக் குப்பிகளை −20 டிகிரியில் ஆர்கான் அல்லது நைட்ரஜன் நிரப்பி வையுங்கள். எடுத்ததும் திறக்காமல் அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் உள்ளே படியும். குளோரோஃபார்ம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், பழைய குப்பியின் செறிவு அட்டையில் எழுதியிருப்பதைவிட அதிகமாகியிருக்கும். இதையெல்லாம் புகைபோக்கிப் பெட்டிக்குள் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையிராது.

படலமும் குமிழியும்

குமிழிகளை வளர்க்க மிக்லேனா ஆங்கெலோவாவும் டிமிட்ரோவும் 1986இல் அறிமுகப்படுத்திய மின்புல முறையே இன்றும் கைகொடுக்கிறது. இண்டியம் டின் ஆக்ஸைடு பூசிய கண்ணாடித் தகடுகள் இரண்டு வேண்டும். மின்கடத்தும் முகம் எது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மல்டிமீட்டரால் தொட்டுப் பாருங்கள். தகட்டை 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கி, 10 மைக்ரோலிட்டர் கரைசலை 4 சதுர சென்டிமீட்டர் பரப்பில் மெல்லியதாகப் பரப்புங்கள். குளிர்ந்த தகட்டில் பரப்பினால், கரைப்பான் உலரும் சில நொடிகளில் டிபிபிசியோ கொலஸ்டிராலோ முந்திக்கொண்டு தனியாகப் படிந்துவிடலாம். பிறகு ஒவ்வொரு குமிழியும் ஒவ்வொரு விகிதத்தில் பிறக்கும்.

10 மைக்ரோலிட்டர் என்ற அளவு சும்மா வந்ததல்ல. அதில் 10 மைக்ரோகிராம் லிப்பிடு, அதாவது சுமார் 9.3 ஆயிரம் லட்சம் கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. மூலக்கூறு ஒன்று சராசரியாக அரைச் சதுர நானோமீட்டரை அடைத்துக்கொள்கிறது என்றால், ஒற்றை அடுக்காக விரித்தால் 46 சதுர சென்டிமீட்டர், இரட்டை அடுக்காக 23 சதுர சென்டிமீட்டர். 4 சதுர சென்டிமீட்டரில் அதை அடக்கினால் ஏறத்தாழ ஆறு சவ்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். நல்ல குமிழிகளுக்கு இந்த அளவே போதும். தடித்த படலத்திலிருந்து குமிழிக்குள் குமிழியாக வெங்காயத் தோல் மாதிரி வரும். அதில் எந்தத் திட்டு எந்தச் சவ்வைச் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

படலத்தை வெற்றிடத்தில் குறைந்தது ஒரு மணி நேரம் வைத்து எஞ்சிய குளோரோஃபார்மை நீக்குங்கள். பிறகு இரு தகடுகளையும் கடத்தும் முகங்கள் எதிரெதிராக இருக்குமாறு, 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்தி, நடுவில் 200 மில்லிமோலார் சுக்ரோஸ் கரைசலை நிரப்புங்கள். கரைசலும் தகடுகளும் நிரப்பும்போதே 60 டிகிரியில் இருக்க வேண்டும்: டிபிபிசியின் 41 டிகிரிக்கு மேலே, எல்லா லிப்பிடும் ஒரே திரவமாகக் கலந்திருக்கும் நிலையில்தான் குமிழி பிறக்க வேண்டும். 10 ஹெர்ட்ஸில் 1 வோல்ட்டுக்குச் சற்று மேலான மாறுமின்னழுத்தத்தை ஒன்றரை மணி நேரம் கொடுத்தால், பல பத்து மைக்ரோமீட்டர் விட்டமுள்ள குமிழிகள் வளர்ந்திருக்கும். உப்புக் கரைசலில் இந்த எளிய அமைப்பு சரியாக வேலை செய்யாது, அதனால்தான் சர்க்கரை.

குமிழிகளைச் சம சவ்வூடழுத்தமுள்ள குளுக்கோஸ் கரைசலில் விட்டால், உள்ளே இருக்கும் சுக்ரோஸ் அடர்த்தி மிகுந்தது என்பதால் அவை அடியில் வந்து அமரும். குளுக்கோஸைச் சில மில்லிமோலார் கூட்டிவைத்தால் நீர் சிறிது வெளியேறிக் குமிழி தளரும். திட்டுகள் புடைத்து மொட்டாவதைப் பார்க்க வேண்டுமானால் அது உதவும். இப்போதைக்குச் சமமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்விப்பது

மாதிரியை வெப்பநிலை கட்டுப்படுத்தும் மேடையில் 50 டிகிரியில் வைத்துத் தொடங்குங்கள். எண்ணெய் தொட்டுப் பார்க்கும் லென்ஸ் ஒரு பித்தளைக் கட்டியைப் போல வெப்பத்தை உறிஞ்சி, பார்க்கும் இடத்தை மட்டும் பல டிகிரி குளிர்வித்துவிடும். மேடையின் திரை 40 என்று காட்டிக்கொண்டே இருக்கும். 40 மடங்கு பெருக்கும் காற்று லென்ஸைப் பயன்படுத்துவதும், மாதிரிக்குள்ளேயே நுண்ணிய வெப்ப உணரி ஒன்றைச் செருகிவைப்பதும் இதைத் தவிர்க்கும். நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். ஒவ்வொரு இரண்டு டிகிரிக்கும் நின்று சில நிமிடம் பொறுங்கள்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐம்பது முதல் நூறு குமிழிகளைப் பார்த்து, எத்தனையில் பிரிவு தெரிகிறது என்று எண்ணிக் குறியுங்கள். ஒரே தகட்டில் பிறந்தவையானாலும் குமிழிகளின் கலவையில் சில மோல் சதவீத வேறுபாடு இருக்கும்; ஆகவே எல்லாம் ஒரே நொடியில் பிரிவதில்லை. பாதிக் குமிழிகள் பிரிந்திருக்கும் வெப்பநிலையை அந்தக் கலவையின் கலப்பு வெப்பநிலையாக எடுத்துக்கொள்வது வழக்கம். அழகாகப் பிரிந்த ஒரே குமிழியைப் படமெடுத்துவிட்டு அதன் வெப்பநிலையை எழுதுவது கணக்காகாது.

முதலில் முளைக்கும் வட்டங்கள் ஒரு மைக்ரோமீட்டர் அளவில் இருந்து, ஓடி முட்டி ஒன்றாகி வளரும். முட்டிய இரண்டு வட்டங்கள் ஒரு நொடி நிலக்கடலைத் தோடுபோல இடுப்புச் சிறுத்து நின்று, பிறகு அப்படியே உருண்டு பெரிய வட்டமாவதைக் கூர்ந்து பாருங்கள். அப்படி வட்டமாவதற்குக் காரணம் விளிம்பு இழுவிசை: ஒழுங்குத் திரவம் மற்றதைவிடச் சற்றுத் தடித்தது, எல்லையில் வால்களின் பக்கவாட்டு நீருக்குத் தெரியாமலிருக்கச் சவ்வு வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது, எனவே எல்லையின் நீளத்தைக் குறைப்பது லாபம். நீண்ட நேரம் விட்டால் குமிழி ஒரு பக்கம் இருட்டும் மறுபக்கம் ஒளியுமாக இரண்டு தொப்பிகளாக முடியும். வேகமாகக் குளிர்வித்த குமிழிகளில் மட்டும் புடைத்த திட்டுகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, இணையாமல் நெடுநேரம் நிற்பதுண்டு. அதைச் சமநிலை என்று எழுதிவிடாதீர்கள்.

இரட்டை அடுக்கின் இரு தாள்களிலும் திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்பதால்தான் படத்தில் இரண்டே நிறச்செறிவுகள் தெரிகின்றன. இடைப்பட்ட மூன்றாவது செறிவு தெரிந்தால், பெரும்பாலும் அது இரண்டு சவ்வுகள் சேர்ந்து கிடக்கும் குமிழி, எண்ணிக்கையிலிருந்து நீக்குங்கள்.

இது உண்மையில் இரு திரவங்களா?

மூன்று சோதனைகள் போதும். வட்டமாக இருக்கிறதா, முட்டினால் இணைகிறதா, கலப்பு வெப்பநிலைக்கு அருகில் அதன் விளிம்பு அலைபாய்கிறதா என்று பாருங்கள். ஜெல் திட்டுகள் கோணல்மாணலாக இருக்கும். முட்டினாலும் உருகி ஒன்றாகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். குமிழி சுழன்றால் எல்லாத் திட்டுகளும் தம்முள் இடைவெளி மாறாமல் சேர்ந்தே சுழலும். கொலஸ்டிராலை 10 மோல் சதவீதத்துக்குக் கீழே குறைத்து ஒரு மாதிரி செய்தால் ஜெல் திட்டுகளை நேரில் பார்த்து வேறுபாட்டைக் கண் பழகிக்கொள்ளும். அதற்கு ஒரு நாள் செலவானாலும் தகும்.

அடுத்தது ஒளி. டிஓபிசியின் இரட்டைப் பிணைப்புகள் சாயத்தின் துணையோடு ஒளிபட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைகின்றன. அப்படிக் கெட்ட லிப்பிடு கலப்பு வெப்பநிலையை நகர்த்தி, இல்லாத திட்டுகளையும் உண்டாக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. ஒரு காட்சிப் புலத்தை ஒரு நிமிடம் தொடர்ந்து ஒளியூட்டிவிட்டு, அதுவரை ஒளியே படாத பக்கத்துப் புலத்துக்கு நகர்ந்து, விளக்கைத் திறந்த முதல் நொடியில் படமெடுங்கள். முதல் புலத்தில் திட்டுகளும் இரண்டாவதில் சீரான பரப்பும் இருந்தால் நீங்கள் பார்த்தது விளக்கின் வேலை. சாயத்தைக் குறையுங்கள், ஒளியை வடிகட்டுங்கள், படமெடுக்கும் கணத்தில் மட்டும் விளக்கைத் திறவுங்கள்.

கடைசியாக மாதிரியை மீண்டும் சூடாக்குங்கள். முளைத்த வெப்பநிலைக்கு அருகிலேயே வட்டங்கள் கரைந்து மறைய வேண்டும். மறையாமல் எஞ்சினால் ஏதோ கெட்டிருக்கிறது. அந்த மாதிரியின் எண்களை வரைபடத்தில் சேர்க்க வேண்டாம்.

படத்திலிருந்து எண்ணுக்கு

இரண்டு தொப்பிகளாக முடிந்த குமிழியின் எல்லை பக்கவாட்டில் தெரியும்படி அமைந்திருந்தால், பரப்பு விகிதத்தை அளப்பது வியக்கத்தக்க அளவுக்குச் சுலபம். கோளத்தொப்பியின் பரப்பு அதன் உயரத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், இருண்ட தொப்பியின் உயரத்தைக் குமிழியின் விட்டத்தால் வகுத்தாலே ஒழுங்குத் திரவத்தின் பரப்புப் பங்கு கிடைத்துவிடும். 30 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள குமிழியில் தொப்பியின் உயரம் 10 மைக்ரோமீட்டர் என்றால் பங்கு மூன்றில் ஒன்று. ஆனால் ஒழுங்குத் திரவத்தில் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கமைந்திருப்பதால், மூலக்கூறு எண்ணிக்கையில் அந்தப் பங்கு மூன்றில் ஒன்றைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

மூன்று கூறுகளுக்கும் ஒவ்வொரு மூலையாக ஒரு சமபக்க முக்கோணம் வரைந்து, சோதித்த கலவை ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக அதில் குறியுங்கள். பக்கத்தில் அதன் கலப்பு வெப்பநிலையை எழுதுங்கள். டிஓபிசிக்கும் டிபிபிசிக்கும் 1:1 விகிதத்தை மாற்றாமல், கொலஸ்டிராலை 10, 20, 30, 40, 50 மோல் சதவீதம் என ஏற்றிக்கொண்டு ஒரு வரிசை செய்வது நல்ல தொடக்கம். தாழ்ந்த முனையில் ஜெல்லும், நடுவில் திரவ வட்டங்களும், உயர்ந்த முனையில் அறை வெப்பநிலையிலும் பிரியாத சீரான சவ்வும் வரிசையாகக் கிடைக்கும். எந்தப் புள்ளியில் இருண்ட தீவுகள் ஒளிக்கடலில் மிதக்கின்றன, எந்தப் புள்ளியில் ஒளித்தீவுகள் இருட்டில் மிதக்கின்றன என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்; இரு திரவங்களின் பங்கும் சமமாகும் இடம் அந்த இரண்டு வகைப் புள்ளிகளுக்கும் நடுவில் இருக்கிறது.

செல்லின் சவ்வைப் பற்றி இந்த முக்கோணம் நேரடியாக எதையும் சொல்லிவிடாது. கை சைமன்ஸும் எலினா இக்கோனெனும் 1997இல் முன்வைத்த லிப்பிடுத் தெப்பக் கருத்து (செல்லின் சவ்வில் சில லிப்பிடுகள் திரண்டு தெப்பங்கள்போல மிதக்கின்றன என்பது) இந்த வகைச் சோதனைகளுக்குப் பெரும் உந்துதலாக இருந்தது உண்மை. ஆனால் செல்லின் வெளித்தாளில் ஸ்ஃபிங்கோமையலின் என்ற லிப்பிடும் உள்தாளில் பாஸ்ஃபாட்டிடைல்செரின் என்ற லிப்பிடும் மிகுந்திருக்க, நம் குமிழியின் இரு தாள்களும் ஒன்றுபோல இருக்கின்றன. புரதங்களும் இங்கே இல்லை. டிபிபிசிக்குப் பதிலாக ஸ்ஃபிங்கோமையலினை வைத்து அதே 35:35:30 விகிதத்தில் அடுத்த மாதிரியைச் செய்து, கலப்பு வெப்பநிலை எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பதே அந்தத் திசையில் எடுத்துவைக்கக்கூடிய முதல் அடி.